சேஜ் கிரீன்

பச்சையில் இத்தனை வகை இருக்கிறது என்று என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புதினாப் பச்சை, பிஸ்தாப் பச்சை, ஒலிவ் பச்சை. இந்த வருஷம் தோழிப்பெண்களுக்கு எல்லாரும் போடுவது சேஜ் கிரீன். கிளிப்பச்சையில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றினால் எப்படி இருக்கும், அதுதான்.

"சாம்பல்னு சொல்லாதக்கா. இதுதான் இப்ப கிளாஸ் கலர்," என்று ஸ்டெபானி போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். கொழும்பில் நடந்த ஏதோ கல்யாணம். நடுவில் தந்த நிறப் புடவையும் முக்காடுமாகப் பெண். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் தோழிப்பெண்கள். பின்னால் வெள்ளைப் பூவில் ஒரு வளைவு. எல்லாரும் பல் தெரியாமல் சிரித்தார்கள். இப்போது அதுவும் ட்ரெண்ட்.

ஸ்டெபானி ரத்னபுரியில் ஒரு போன் கடையில் காசாளர். மாப்பிள்ளை ஜெறோம் அந்தக் கடைக்குச் சாமான் கொண்டுவந்து போடுகிறவர். வரக்காப்பொலையில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பேக்கரி இருக்கிறது. இரண்டு பேரும் விரும்பித்தான் முடிவு எடுத்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. "மூத்தவ நிக்கிறப்போ இளையவளுக்கா?" என்று கேட்டு வந்தவர்களுக்கு நானே பதில் சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

கல்யாண வேலை முழுக்க என் தலையில். கெம்பஸ் முடித்தவள், பிரதேச செயலகத்தில் பயிலுநர், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவள். நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன். "ட்ரெண்ட் எல்லாம் செய்வோம். ஆனா அதுக்காக அப்பா யார்கிட்டயும் கைநீட்டக் கூடாது."

செய்தோம். பூ வளைவுக்குப் பதிலாக ஓடைக்கரையில் காடாக மண்டிக் கிடக்கிற கெக்கில்லப் பெரணி இலையை வெட்டி மூங்கிலில் கட்டுவது என்று முடிவானது. அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. நானே போனில் ஒரு கார்ட் செய்து அனுப்பினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்களுக்கு மட்டும் அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். முக்காடு வாடகைக்கு. கையில் பிடிக்கிற பூச்செண்டு பிளாஸ்டிக். ஆனால் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தால் ஒழியத் தெரியாது.

மிச்சம் இருந்தது தோழிப்பெண்களின் உடுப்பு. நாலு பேர். நான், பக்கத்து வீட்டு மல்லிகா, ஸ்டெபானியோடு வேலை செய்கிற சர்மிளா, மாப்பிள்ளையின் தங்கச்சி பிரிசில்லா. அந்த நாலு உடுப்பு சேஜ் கிரீனில் இருந்தே ஆக வேண்டும் என்று ஸ்டெபானி ஒற்றைக்காலில் நின்றாள். அவள் ஏன் அப்படி நின்றாள் என்பது எனக்குத் தெரியும்.

பெண் பார்க்க வந்த அன்று ஜெறோமின் அம்மா பிலோமினா எங்கள் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, ஸ்டெபானியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மனசு நிறைந்து சொன்னார்.

"உங்க மகளப் பாத்தா தோட்டத்துப் பொண்ணுன்னு யாருமே சொல்ல மாட்டாங்க."

அம்மா சிரித்தார். அப்பா, "இன்னொரு வடை எடுங்க," என்றார். நான் குசினியில் கேத்தல் மூடியைக் கொஞ்சம் பலமாக வைத்தேன். எனக்குக் கோபம் வருவது ஒன்றும் புதுசில்லை. ஆனால் ஸ்டெபானி அந்த வார்த்தையை ஒரு சான்றிதழ் மாதிரி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "அது பாராட்டுன்னு நெனச்சியா?"

"உனக்கு எல்லாமே திட்டுதான். அவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு நாள்க்கா. வரக்காப்பொலேருந்து அவங்க சொந்தம், பேக்கரிக்கு வர்ற ஆளுங்க, எல்லாரும் பஸ் புடிச்சி வருவாங்க. அன்னிக்கி யாரும் 'தோட்டத்துக் கல்யாணம்'னு சொல்லிட்டுப் போகக் கூடாது. அப்புறம் நான் அந்த வீட்லதான வாழணும்?"

சமூகவியலில் நாலு வருஷம் படித்தவள் நான். இதற்குப் பதில் என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் கெம்பஸில் முதல் வருஷம் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ரத்னபுரி" என்று மட்டும் சொன்னவளும் நான்தான்.

*

வேலை முடிந்து கஹவத்தையில் பஸ் மாறும்போது ஜமால்தீன் நானாவின் துணிக்கடைக்குப் போனேன். அதுவரை போகாத கடை. கழுத்தில் ஒபிஸ் கார்ட், கையில் ஃபைல்.

"வாங்க மிஸ், என்ன பாக்கிறீங்க?" என்றார்.

மிஸ். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இந்தக் கலரா? இரிக்கே!" என்று உள்ளே போய் ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் விரித்தார். அச்சு அசலாக அதே நிறம். கொழும்புக் கல்யாணத்திலிருந்து வெட்டி எடுத்து வந்த மாதிரி.

"ஒரு கம்பனி ஓடருக்கு எறக்கின சாமான் மிஸ். தச்சது போக மிச்சம். சுருங்காது, கலர் போகாது, அயன் பண்ணவும் தேவல்ல. மிச்சம்கிறதாலதான் இந்த வெல. பெல்மதுள்ள, ரத்னபுரி எங்க கேட்டாலும் இந்த வெலைக்குக் கிடைக்காது."

கம்பனி என்றதும் என் கண்ணில் வந்தது குளிரூட்டிய ஒரு கொழும்பு ஒபிஸ். கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள். எந்தக் கம்பனி என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டேன், குறைத்தார். சால்வைக்கு ஒரு துண்டு நெட் துணியும் சும்மா வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது என்னை நினைத்து எனக்கே பெருமை.

மல்லிகா வீட்டிலேயே தையல் போடுகிறவள். துணியை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"இது சீலையா விழாது ஸ்டெபி. வெறச்சிக்கிட்டு நிக்கும். ஆனா பாவாடையா வெட்டுனா, பாத்துக்க, குடை மாதிரி விரியும்."

"குடை மாதிரியா, கொடம் மாதிரியா?" என்றேன்.

"உனக்குக் கொடம் மாதிரி. அதுக்கு நான் என்ன செய்ய?"

ஒரு வாரத்தில் நாலு பாவாடையும் மேல்சட்டையும் தைத்து முடித்தாள். பிரிசில்லா வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பியிருந்தாள். படம் எடுத்து அனுப்பினதும் இதயமும் கைதட்டலுமாகப் பதில் வந்தது. "அம்மாவும் சூப்பர்னு சொன்னாங்க" என்று கடைசியில் ஒரு வரி. அதை ஸ்டெபானி எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினாள்.

*

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை. நானும் ஸ்டெபானியும் லீவு. தைத்த நாலு உடுப்பையும் லயத்து முன்னால் கட்டியிருந்த கயிற்றில் காற்றாடப் போட்டிருந்தோம். மல்லிகா படியில் உட்கார்ந்து மேல்சட்டைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலரை மணிக்கு அம்மா மலையிலிருந்து வந்தார். வாசலுக்கு வந்தவர் உள்ளே வரவில்லை. கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

முழங்கால் வரைக்கும் நீளமான புதுக் கோட் ஒன்று போட்டிருந்தார். இடது பக்கப் பையில் தோட்டக் கம்பனியின் பெயர் மஞ்சள் நூலில். கோட் சேஜ் கிரீன்.

 அம்மா மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்கிப் பிரட்டுல குடுத்தாங்க."

"எல்லாருக்குமா?" ஸ்டெபானி கேட்டாள்.

"கொழுந்து எடுக்கிற எல்லாருக்கும். நாளைலேருந்து இதப் போடாம வந்தா பேர் இல்லையாம்."

பிரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பேர் இல்லை என்றால் மலை ஏறி இறங்கியது வீண்.

மல்லிகா கோட்டைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். "அய்யய்யோ," என்றாள். பிறகு வாயைப் பொத்தினாள். அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துச் சிரித்து ஊசியால் விரலைக் குத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஸ்டெபானியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அவள் ஒவ்வொரு உடுப்பாகக் கயிற்றிலிருந்து எடுத்தாள். மடித்தாள். நாலையும் மடித்து முடித்த பிறகு என்னைப் பார்த்தாள்.

"கம்பனி மிச்சம்னுதான சொன்ன? எந்தக் கம்பனின்னு கேட்டியா?"

"கேக்கல."

"டிகிரி முடிச்சிருக்கியேக்கா."

அடித்திருந்தால் கூடப் பரவாயில்லை.

மறுநாள் வேலைக்குக் கூடப் போகாமல் நேரே ஜமால்தீன் நானாவின் கடைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அவரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் தலையில் கை வைத்தார்.

"யா அல்லா! நீங்க தோட்டம்னு ஒரு வார்த்த சொல்லல்லியே மகள். ஒங்களப் பாத்தா டவுன்ல ஒபிஸ்ல வேல செய்ற புள்ள மாதிரி இரிந்திச்சி. தெரிஞ்சா இந்தச் சாமான ஒங்களுக்குத் தந்திருப்பனா?"

சேர்த்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. பிலோமினா அன்றைக்குச் சொன்னதுதான். என்னைப் பார்த்தாலும் யாருக்கும் தெரியவில்லை. அன்று "மிஸ்" என்றபோது எனக்கும் இனித்ததே.

வெட்டித் தைத்த துணியை அவர் எப்படித் திரும்ப எடுப்பார்? மனசு கேட்காமல் நாலு பாக்கெட் மெரூன் சாயத்தை எடுத்துச் சும்மா தந்தார். "வெந்நீர்ல போட்டுப் பாருங்க. சரி வந்தா நல்லது."

சரி வரவில்லை. மிச்சத் துண்டொன்றில் கொஞ்சம் தையல் போட்டுச் சாயத்தில் முக்கிப் பார்த்தோம். துணி பொலியெஸ்டர், ஒரு சொட்டுக் கூடக் குடிக்கவில்லை. தைத்த நூல் பருத்தி, அது மட்டும் குடித்துவிட்டது. பச்சைத் துணியில் மெரூன் தையல், வரிசை வரிசையாக, ஆபரேஷன் பண்ணின வயிறு மாதிரி. மல்லிகா இந்தத் தடவை சிரிக்கவில்லை. வேறு துணி எடுப்பது பற்றி யாரும் பேசவில்லை. புடவைக்கும் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டில் ஒன்றும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டம் போட்டவளும் நான்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணச் சனிக்கிழம ஒரு நாள் மட்டும் அந்தக் கோட்டப் போடாம வரச் சொன்னா என்னம்மா?"

"யார?"

"உங்க ஆளுங்கள. நீங்க சொன்னா கேப்பாங்க."

"பேர் போயிருமே."

"கங்காணிகிட்ட நான் பேசுறேன்."

அம்மா பூண்டுத் தோலை ஊதினார். "பேர விடு. போயி என்னான்னு சொல்றது? வரக்காப்பொல ஆளுக வர்றாங்க, அவங்க கண்ணுல படாம சட்டையக் கழட்டிட்டு நில்லுங்கன்னா?" குரல் ஏறவே இல்லை. "வெள்ளிக்கிழம வெங்காயம் உரிக்க வரப்போறது அவங்கதான் ஜெசி. தேங்கா திருவுறதும் அவங்கதான்."

நான் எழுந்து வெளியே போனேன். கோபம்தான். யார்மேல் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்ல முடியாது.

காத்தமுத்து கங்காணியைத் தேடிப் போய் வேறு மாதிரிக் கேட்டேன். "சனிக்கிழம எந்த மலண்ணே?"

"எட்டாம் நம்பரு. எதுக்கு? நீயும் வர்றியா?"

எட்டாம் நம்பர் மலை ஓடைக்கு அந்தப் பக்கம். கல்யாணம் நடக்கப்போகிற மாதா கோயில் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு ஆள் தெரியாது. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே கொழுந்து நிறுத்துப் பேர் போட்டு, பெண்களைச் சாப்பாட்டுக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அவர்கள் லயத்துக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு கல்யாணச் சாப்பாட்டுக்கு ஹோலுக்கு வருவார்கள். ஓடி வந்து ஸ்டெபானியிடம் சொன்னேன். கோட்டும் பாவாடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானே யாருக்காவது உறைக்கும்?

அவள் தலையை ஆட்டினாள். "சரிக்கா," என்றாள். மடித்து வைத்த பாவாடைகளை மறுபடி விரித்து மாட்டினாள்.

*

கல்யாணத்துக்கு முந்தின வியாழனும் வெள்ளியும் மழை கொட்டியது. ஓடை பொங்கி எட்டாம் நம்பருக்குப் போகிற பாலத்துக்கு மேலால் தண்ணீர். சனிக்கிழமை காலை வெயில் அடித்தது. நல்ல சகுனம் என்று அப்பா சந்தோஷப்பட்டார். நான் கோயில் வாசலில் வந்து நின்ற பிறகுதான் பார்த்தேன். கோயிலுக்கு எதிரே, ரோட்டை ஒட்டினபடி இருக்கிற மூன்றாம் நம்பர் மலை முழுக்க, ஓடையைத் தாண்ட முடியாத எங்கள் ஆட்கள். நாற்பது பேர். கழுவின செடிக்கு மேலே நாற்பது சேஜ் கிரீன் கோட்.

கோயில் வாசலில் நாங்கள் மூன்று பேர். நெட் சால்வை, கையில் பிளாஸ்டிக் பூ, குடை மாதிரி விரிந்த பாவாடை.

"ஜெசி," என்றாள் மல்லிகா, உதடு அசையாமல்.

"பாத்தேன்."

"எங்கயாவது ஒளிஞ்சிருவமா?"

"எங்க? இந்தக் கலர்ல தேயிலைக்குள்ள போனாத்தான் ஒளியலாம்."

ஒன்பதரைக்கு வரக்காப்பொல பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கின இளந்தாரிகள் எங்களைப் பார்த்தார்கள். பிறகு மலையைப் பார்த்தார்கள். மறுபடி எங்களைப் பார்த்தார்கள்.

"டேய், அங்க மேலயும் தோழிப்பொண்ணுங்க நிக்கிறாங்கடா!"

பஸ்ஸே சிரித்தது. நாங்கள் அனுப்பிவைத்த உடுப்போடு இறங்கி எங்கள் பக்கத்தில் வந்து நின்ற பிரிசில்லா தன் பாவாடையைக் குனிந்து பார்த்தாள், மலையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "அக்கா…"

"ஆமா," என்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்டெபானியும் அப்பாவும் வந்த கார் வளைவில் திரும்பியது. கண்ணாடி இறக்கியிருந்தது. சிரிப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை, மலை நேரே எதிரில் இருந்தது. இறங்கும்போது அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை.

பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஸ்டெபானியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெறோம் தாலி கட்டியபோது அவள் குனிந்தாள். மோதிரம் போட்டபோது ஜெறோம் எதையோ சொன்னார், அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவுதான் என்னால் பார்க்க முடிந்தது.

சாப்பாடு தோட்டத்து ஹோலில். கோயிலிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் முன்னால் விட்டு, ஸ்பீக்கர் கட்டின ஓட்டோ பின்னால் வர, எல்லாரும் நடந்துதான் போவது. மலைக்குக் கீழே வந்தோம். பெண்ணைப் பார்க்க எங்கள் ஆட்கள் விழுந்தடித்துக்கொண்டு ரோட்டோரம் இறங்கி வந்துவிட்டார்கள். முதுகில் கொழுந்துப் பை தொங்க, சேற்றுக் காலோடு. காத்தமுத்து அந்தப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றார்.

சின்னம்மாக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. அம்மாவோடு கொழுந்து எடுக்கிற செட்தான்.

"என்னா ஜெசி! அவ்ளோ படிச்சியே, கடசில எங்க கம்பனிலதான் வேல கெடச்சிச்சா?"

மலையே சிரித்தது.

"காத்தமுத்தண்ணே! இந்த நாலு பேருக்கும் அரைப்பேர் போடுங்க!"

"கொழுந்த நிறுத்துக் காட்டச் சொல்லு, போடுறேன்," என்றார் காத்தமுத்து, திரும்பாமலே.

மல்லிகா, "எனக்கு முழுப்பேர் வேணும், நாலையும் தச்சது நான்!" என்று கத்தினாள். எங்கள் பக்கம் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. என்ன என்று விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படம் எடுக்க வந்த நிரோஷன் மட்டும் துள்ளினான். ரத்னபுரிப் பையன், பாதி சிங்களம் பாதி தமிழ்; அவன் பாஷையில் மரு என்றால் அபாரம். "மரு! கொன்செப்ட் எக மரு அக்கா! பிரைட்ஸ்மெய்ட், பின்னால கொழுந்து ஆக்கள், சேம் கலர்! சொல்லவே இல்லையே! கூட இருந்தா எடுங்க, கூடயோட ஒரு ஷொட்."

"கூடையா? கூடை எல்லாம் எந்தக் காலத்துல தம்பி? இந்தா, பைதான் இருக்கு," என்று சின்னம்மாக்கா திரும்பி முதுகைக் காட்டினார்.

பிலோமினாவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தன் அக்காவிடம் திரும்பினார். "நானும் என்னமோன்னு நெனச்சேன். தீம் வெட்டிங். கொழும்புல இதுக்குன்னு ஆள் புடிச்சி, காசு குடுத்துச் செய்வாங்க." பிறகு எங்களிடம் வந்தார். "நல்லா யோசிச்சிருக்கீங்க. யாரோட ஐடியா?"

"என்னோடதுதான் ஆன்ட்டி," என்றேன். "தேயிலை தீம். பிளான் பண்ணித்தான் செஞ்சோம்."

எவ்வளவு லேசாக வந்தது! எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் என்று பேர் வாங்கினவள் நான். முதல் வருஷம் "ரத்னபுரி" என்று சொன்ன அதே வாய். ஆனால் அந்தப் பொய் அங்கேயே தயாராகக் கிடந்தது. எடுத்துப் போர்த்திக்கொண்டால் ஸ்டெபானிக்குக் குளிராது. அவள் பக்கம் திரும்பி, பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினேன்.

அவள் முக்காட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டாள்.

"தீம் எல்லாம் இல்ல அத்தை."

"என்னம்மா?"

"தோழிப்பொண்ணுங்களுக்கு மலிவாத் துணி தேடினோம். கம்பனி இவங்களுக்குக் கோட் தச்ச மிச்சம்னு தெரியாம அக்கா வாங்கிட்டா. தச்சப்புறம்தான் தெரிஞ்சிச்சி. சாயம் போட்டும் பாத்தோம், ஏறல." மூச்சு வாங்கினாள். நிறுத்தவில்லை. "அம்மாவுக்கும் இதே கோட்தான். இன்னிக்கிக் கல்யாணம்னு பட்டு கட்டியிருக்காங்க. திங்கக்கிழம இதப் போட்டுக்கிட்டு இங்கதான் நிப்பாங்க."

 அம்மா தன் சேலை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். அப்பா செருமினார். ஜெறோம் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஸ்டெபானியின் முக்காடு தேயிலைச் செடியில் மாட்டியிருந்ததை மெதுவாக எடுத்துவிட்டார். அவருக்கு அந்த நேரத்தில் செய்யத் தெரிந்தது அது. செய்தார்.

பிலோமினா தன் மகளின் பாவாடையில் ஒரு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இது மிச்சத் துணியா?"

"ஆமா," என்றேன். இனி என்ன மறைக்க?

"சுருங்காதா?"

"சுருங்காது. கலரும் போகாது."

கொஞ்சம் யோசித்தார். "எந்தக் கடை? பேக்கரில வேல செய்ற பிள்ளைகளுக்கு ஏப்ரன் தைக்கணும், ரொம்ப நாளா தேடுறேன்."

சமாதானமா, குத்தலா, இல்லை உண்மையிலேயே ஏப்ரன்தானா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. கஹவத்தை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜமால்தீன் நானா கடை என்று சொன்னேன். போனில் குறித்துக்கொண்டார்.

மறுபடி நடக்கத் தொடங்கியபோது ஸ்டெபானியின் பக்கத்தில் போனேன்.

"ஏன்டி சொன்ன? நான்தான் சமாளிச்சிட்டேனே."

"நீ சமாளிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவ. அங்க இருக்கப்போறது நான். வர்றவங்களுக்கெல்லாம் ஆல்பத்தக் காட்டி, தீம் தீம்னு வாழ்க்க முழுக்க என்னால சொல்லிக்கிட்டு இருக்க முடியாது." சேலையைத் தூக்கிப் பிடித்து ஒரு பள்ளத்தைத் தாண்டினாள். "அதோட, அம்மா அங்கதான் நின்னாங்க."

அவள் கையைப் பிடித்தேன், இப்போது சூடாக இருந்தது.

பின்னால் காத்தமுத்து விசில் அடித்தார். "போதும், போதும்! ஏறுங்க! கொழுந்து வாடுது!" பெண்கள் முனகிக்கொண்டே மலை ஏறினார்கள். பாதி ஏறின பிறகு சின்னம்மாக்கா திரும்பி நின்று கையைக் குவித்துக் கத்தினார்.

"ரோசம்மா! பன்னண்டு மணிக்கு வந்துருவோம்! கோழிக்கறிய வரக்காப்பொல ஆளுகளே முடிச்சிறாமப் பாத்துக்க!"

அம்மாவுக்கு வெட்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பிலோமினா நின்றுவிட்டார். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து மேலே பார்த்தார்.

"நாங்க அவ்ளோ சாப்பிட மாட்டோம்மா!" என்று கத்தினார்.

எங்கள் ஆட்களிடம் அவர் நேராகப் பேசின முதல் வார்த்தை அதுதான். எனக்கு அவரை அப்போதும் பிடிக்கவில்லை. ஸ்டெபானி சிரித்தாள், பல் எல்லாம் தெரிய.

மேலேயிருந்து பதில் வந்தது. "அத ஹோல்ல பாப்போம்!"